பொங்கல் விழாவிலேயே பேசிவிடுங்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் அட்லாண்டாவுக்கு வடக்கே வசிக்கிறேன். இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியாகிவிட்டது. தமிழ்ப் பள்ளியில் தன்னார்வலராக இருப்பதால், பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர்கள் என்னிடம் வந்து கல்லூரி உதவித்தொகை பற்றிக் கேட்பார்கள். பெரும்பாலும் அக்டோபர் மாதத்தில்தான் கேட்பார்கள். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பான். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை ஒரு முறை எழுதியிருப்பான், இன்னொரு முறை எழுத நினைத்திருப்பான். "நவம்பர்ல எழுதினா போதும்ல?" என்பார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் அநேகமாக இருப்பதில்லை. கேள்வி ஒன்பது மாதம் முன்பே வந்திருந்தால் பதில் இருந்திருக்கும்.

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. கல்லூரிச் சேர்க்கை பற்றிய கூட்டத்தைப் பல சங்கங்கள் செப்டம்பரிலோ அக்டோபரிலோ நடத்துகிறீர்கள். நல்ல எண்ணத்தோடு, சொந்த வார இறுதியைச் செலவழித்து நடத்துகிறீர்கள். அதைத் தயவுசெய்து ஜனவரிக்கு மாற்றுங்கள். பொங்கல் விழாவுக்கு ஊரே வருகிறது. அன்றைக்கே ஒரு தனி அறையில் ஒரு மணி நேரம் போதும். அழைக்க வேண்டியது பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரை.

காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பெற்றோரின் அலட்சியம் எதுவும் இல்லை. ஊரில் நாம் பார்த்த முறை வேறு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுவோம், மதிப்பெண் வரும், அதன் பிறகு விண்ணப்பிப்போம், கலந்தாய்வு நடக்கும். எல்லாம் வரிசையாக, தேர்வுக்குப் பிறகே நடக்கும். இங்கே பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கி மூன்றே மாதத்தில் பெரிய உதவித்தொகைகளுக்கான கதவு மூடத் தொடங்கிவிடும். பள்ளி கவுன்சிலர் சொல்லமாட்டாரா என்றால், தேசிய சராசரியில் ஒரு கவுன்சிலருக்கு 350க்கும் மேற்பட்ட மாணவர்கள். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பலருக்குத் தெரியாத முதல் விஷயம், ஒரே கல்லூரிக்கு இரண்டு கடைசித் தேதிகள் இருக்கும் என்பது. சேர்க்கைக்கு ஜனவரி வரை நேரம் தருகிற கல்லூரியே, படிப்புத் திறமையைப் பார்த்துத் தரும் மெரிட் உதவித்தொகைக்குப் பரிசீலிக்க வேண்டுமானால் நவம்பர் 1க்குள் விண்ணப்பம் வந்தாக வேண்டும் என்று சொல்லும். நம் பிள்ளைகள் அதிகம் போகிற பர்டூ பல்கலைக்கழகத்தில் அண்மை ஆண்டுகளில் அப்படித்தான். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் காலேஜ் பார்க் வளாகத்திலும் நவம்பர் 1தான். லாஸ் ஏஞ்சலிஸின் யு.எஸ்.சி. பல்கலைக்கழகத்திலும் அதே தேதி. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டிரஸ்டி உதவித்தொகைக்கு டிசம்பர் 1. இங்கே ஜார்ஜியா டெக்கில் மாநில மாணவர்களுக்கான, முன்கூட்டியே விண்ணப்பிக்கும் எர்லி ஆக்‌ஷன் தேதி அக்டோபர் நடுவிலேயே வந்துவிடும். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை, அந்தந்தக் கல்லூரியின் பக்கத்தில் அந்த ஆண்டுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். ஆனால் ஜனவரித் தேதியை மட்டும் மனதில் வைத்திருக்கும் குடும்பம், பணம் கிடைக்கிற தேதியைத் தாண்டிய பிறகுதான் விண்ணப்பத்தையே திறக்கிறது.

இப்போது பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். நவம்பர் 1 கடைசித் தேதி. எஸ்.ஏ.டி. அக்டோபர் முதல் வாரத்தில் நடக்கும். 2024இலிருந்து இங்கே எஸ்.ஏ.டி. முழுக்கக் கணினியில்தான், ஆகவே மதிப்பெண் முன்னைவிட வேகமாக, சுமார் இரண்டு வாரத்தில் வந்துவிடுகிறது. அப்படியே வந்தாலும் அக்டோபர் மூன்றாவது வாரம் ஆகிவிடும். அதற்குப் பிறகு எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டு மூலம் அதிகாரபூர்வமாக அனுப்ப வேண்டுமானால், அது கல்லூரிக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு வாரம், பத்து நாள். போய்ச் சேர்ந்ததும் உங்கள் பிள்ளையின் கோப்பில் ஒட்டிக்கொள்ள மேலும் சில நாட்கள். அவசரமாக அனுப்பக் கூடுதல் கட்டணம் கட்டலாம். ஆனால் அது அனுப்புகிற வேகத்தைத்தான் கூட்டும். அந்தப் பக்கம் கல்லூரி எப்போது எடுத்துச் சேர்க்கும் என்பது நம் கையில் இல்லை. எஸ்.ஏ.டி.க்குப் பதிலாக எழுதக்கூடிய ஏ.சி.டி. தேர்வுக்கு மதிப்பெண் வர இன்னும் அதிக நாள் ஆவது உண்டு. இரண்டு வாரத்தில் வந்தவர்களும் இருக்கிறார்கள், பல வாரம் காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆக, நவம்பர் 1க்கு அக்டோபர் தேர்வு கயிற்றின் மேல் நடப்பது. சில கல்லூரிகள் அக்டோபர் மதிப்பெண்ணைப் பொறுமையாகக் காத்திருந்து வாங்கிக்கொள்கின்றன, சில வாங்குவதில்லை. நிம்மதியாக இருக்க வேண்டுமானால் கடைசித் தேர்வு ஆகஸ்டில் முடிந்திருக்க வேண்டும். அதுதான் கடைசி என்றால், முதல் தேர்வு பதினொன்றாம் வகுப்பின் மார்ச் மாதம். இடையில் மே மாதத் தேர்வு, கல்லூரி அளவிலான ஏ.பி. பாடங்களின் தேர்வுகள் தொடங்குகிற அதே வாரத்தை ஒட்டி வரும். அதை நான் பரிந்துரைப்பதில்லை, பிள்ளைகள் களைத்துப் போகிறார்கள். மார்ச், ஜூன், ஆகஸ்ட். இந்த மூன்று போதும்.

இங்கேதான் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. ஜூன் முதல் வாரம் பள்ளி முடிந்ததும் விமானம் ஏறிவிடுகிறோம். தாத்தா பாட்டியைப் பார்க்க வேண்டும், குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டும், ஒரு கல்யாணம் இருக்கும். போகவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகள் ஊரோடு ஒட்டியிருக்கிற சில வாரங்கள் அவை. ஆனால் ஆகஸ்ட் தேர்வுக்கான பதிவை டிக்கெட் எடுக்கும்போதே செய்துவிட வேண்டும். நெருங்கிய மையங்கள் முதலில் நிரம்பிவிடும். திரும்பி வரும் தேதி ஆகஸ்ட் தேர்வுக்கு முந்தைய நாளாக இருக்கக் கூடாது, நேர மாற்றத்தில் தூக்கக் கலக்கத்தோடு போய் உட்காரும் பிள்ளையிடம் என்ன எதிர்பார்ப்பது? ஊரில் நீண்ட நாள் தங்குகிறவர்கள், அங்கேயே ஒரு மையத்தில் எழுதிவிட்டு வரலாமா என்றும் பார்க்கலாம். இந்தியாவிலும் ஆகஸ்டில் எஸ்.ஏ.டி. நடக்கிறது.

கலிஃபோர்னியாச் சங்கங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எந்த வளாகமும் சேர்க்கைக்கோ உதவித்தொகைக்கோ எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களும் 2022இல் அதை விட்டுவிட்டன. அதனால் ஃப்ரீமான்ட், சான் ஹோசே பக்கத்தில் இருக்கும் நண்பர்கள் பலர் "எங்க ஊர்ல அது தேவையில்லை" என்றே இருந்துவிடுகிறார்கள். பெர்க்லியில் இடம் கிடைத்துவிட்டால் சரி. கிடைக்காதபோது வெளி மாநிலக் கல்லூரிகள்தான் வழி, அங்கே முழுக் கட்டணம் கட்ட முடியாது, மெரிட் உதவித்தொகை வேண்டும். அதற்குக் காட்ட ஒரு மதிப்பெண்கூட இல்லாமல் நிற்பார்கள். அப்போது அவசரமாகப் பதிவு செய்யப் போனால், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தேர்வு மையமே கிடைப்பது பெரும்பாடு. பல மணி நேரம் கார் ஓட்டிப் போனவர்களும், பக்கத்து மாநிலத்துக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அங்கே உள்ள சங்கங்கள் மற்றவர்களைவிட முன்னதாகவே இந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

இதையே வேறு விதமாக எல்லா மாநிலத்துக்கும் சொல்லலாம். "டெஸ்ட் ஆப்ஷனல்", அதாவது தேர்வு மதிப்பெண் கொடுப்பது உங்கள் விருப்பம், என்று கல்லூரி சொன்னால் அது சேர்க்கைக்கு மட்டும் பொருந்துவதாக இருக்கலாம். அதே கல்லூரியின் உதவித்தொகைப் பக்கத்தில் மதிப்பெண் வேண்டும் என்று இருக்கலாம். இரண்டு பக்கங்களையும் தனித்தனியாகத் திறந்து படிக்க வேண்டும். அரசு உதவித்தொகைகளுக்கும் இதே கதை. எங்கள் ஜார்ஜியாவில் ஸெல் மில்லர் உதவித்தொகைக்கு பள்ளிப் பாடங்களில் 3.7 சராசரியோடு எஸ்.ஏ.டி.யில் 1200 வேண்டும், அதுவும் ஒரே அமர்வில், பள்ளி முடிப்பதற்கு முன்னால். இரண்டு தேர்வுகளின் நல்ல பகுதிகளைச் சேர்த்துக் கணக்கிடும் வசதியைப் பல கல்லூரிகள் தருகின்றன, ஆனால் இந்த உதவித்தொகை தராது.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு நம் சமூகத்தில் ஒரு குறிப்பிட்ட காரணம் இருக்கிறது. வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகள். மூன்று வயதில் இங்கே வந்திருப்பார்கள், மழலையர் பள்ளியிலிருந்து எல்லாம் இங்கேதான். பச்சை அட்டை வரிசை நகராததால் இன்னமும் சார்பு விசா. இவர்களுக்கு ஃபாஃப்ஸா விண்ணப்பம் மூலம் வரும் மத்திய அரசின் உதவியோ கடனோ கிடையாது. பல மாநில உதவித்தொகைகளும் குடியுரிமையோ பச்சை அட்டையோ கேட்கும், ஸெல் மில்லரும் அப்படித்தான். 21 வயதில் அந்த விசாவும் போய்விடும். அந்தக் குடும்பத்துக்குக் கல்லூரி தானாகத் தருகிற மெரிட் உதவித்தொகைதான் பெரும்பாலும் கையில் இருக்கும் ஒரே வழி. அந்த வழியும் மதிப்பெண் ஒரு வாரம் தாமதமாகப் போனதால் அடைபட்டால், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்ல முடியாது. முதலாண்டு மாணவர்களுக்கான பெரும்பாலான உதவித்தொகைகள் அந்த ஒரு முறையோடு முடிந்துவிடும்.

அதோடு, எச்-4 பிள்ளைகளைச் சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் கணக்கில் வைக்கின்றன, சில வைப்பதில்லை. எந்தக் கணக்கு என்பதைப் பொறுத்துக் கடைசித் தேதியும் மாறலாம், தகுதியான உதவித்தொகைகளும் மாறலாம். இதை ஒரு மின்னஞ்சலில் கல்லூரியிடமே கேட்டுவிடலாம். கேட்டால் பதில் தருகிறார்கள். பதினொன்றாம் வகுப்பின் வசந்த காலத்தில் கேட்டால் நிதானமாகவே தருகிறார்கள்.

அடுத்தது பெயர். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நான் பார்த்த தாமதங்களில் மனதை அதிகம் வருத்தியவை இதனால் வந்தவை. கல்லூரிக்கு வருகிற மதிப்பெண்ணை, அங்கே இருக்கிற கணினி, பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து விண்ணப்பத்தோடு பொருத்துகிறது. நம் பெயர்கள் அதற்கு எவ்வளவு தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும். பள்ளிப் பதிவில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலியாக இருந்தால், விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யு." (முதல் பெயர் தெரியவில்லை) என்று வந்து, பிள்ளையின் பெயர் கடைசிப் பெயராகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. எழுதும்போது பிள்ளை தன் செல்லப் பெயரையோ சுருக்கிய பெயரையோ கொடுத்து ஒரு கணக்கைத் தொடங்கியிருக்கும். பிறகு வேறு மின்னஞ்சலில் இன்னொரு கணக்கு. கல்லூரி விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர். மூன்றும் மூன்று ஆட்கள் போல இருக்கும்.

ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் ஆனது. நல்ல மதிப்பெண், சரியான நேரத்தில் அனுப்பியும் விட்டார்கள். கல்லூரிப் பக்கத்தில் "மதிப்பெண் வரவில்லை" என்றே பல நாள் காட்டிக்கொண்டிருந்தது. அனுப்பிவிட்டோமே, எப்படியும் வந்துவிடும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். வந்த மதிப்பெண் வேறு பெயர் அமைப்பில் தனியாகக் கிடந்திருக்கிறது. யாரோ ஒரு அலுவலர் கையால் தேடி எடுத்துச் சேர்த்தபோது உதவித்தொகைத் தேதி போய்விட்டிருந்தது. அந்தப் பெண் செய்த தவறு என்று எதையும் சொல்ல முடியாது.

ஆகவே பத்தாம் வகுப்பிலேயே ஒரு மாலை உட்கார்ந்து, பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவிலும், காலேஜ் போர்டு கணக்கிலும், ஏ.சி.டி. கணக்கிலும், பாஸ்போர்ட்டிலும் எப்படி இருக்கிறது என்று பார்த்து ஒன்றாக்கிவிடுங்கள். பள்ளிப் பதிவை மாற்ற வாரக்கணக்கில் ஆகலாம், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். மதிப்பெண் அனுப்பிய பின் கல்லூரியின் மாணவர் பக்கத்தில் அது வந்து சேர்ந்ததா என்று ஒரு வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் உடனே சேர்க்கை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் தொலைபேசியில் பேசத் தயங்குவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச வையுங்கள்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். எஸ்.ஏ.டி. எழுதி ஒன்பது நாட்களுக்குள் நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக மதிப்பெண் அனுப்பலாம். ஏ.சி.டி.யிலும் நான்குக்கு அப்படி ஒரு வசதி உண்டு. ஆனால் "மார்க் எப்படி வருதுன்னு பாத்துட்டு அனுப்பலாம்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பல கல்லூரிகள் உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும்தான் கணக்கில் எடுக்கின்றன என்பதால், பன்னிரண்டாம் வகுப்பின் ஆகஸ்ட் தேர்வுக்காவது இந்த இலவச நான்கைப் பயன்படுத்துவதே நல்லது என்பது என் கருத்து. அதன் பிறகு அனுப்பினால் கல்லூரி ஒன்றுக்கு ஏறத்தாழ 15 டாலர். பள்ளியில் இலவச மதிய உணவு பெறுகிற குடும்பங்களுக்குத் தேர்வுக் கட்டணத்தில் விலக்கு உண்டு, அவர்கள் எத்தனை கல்லூரிக்கு வேண்டுமானாலும் இலவசமாக அனுப்பலாம். நம் சமூகத்தில் எல்லோரும் வசதியானவர்கள் என்று நினைத்து இதைக் கூட்டங்களில் சொல்லாமல் விடுகிறோம். வேலை போன வீடுகள் நம்மிடையே இருக்கின்றன, ஒற்றைப் பெற்றோர் வீடுகள் இருக்கின்றன. அவர்கள் கை தூக்கிக் கேட்கமாட்டார்கள், மேடையிலிருந்து நாமே சொல்ல வேண்டும்.

எல்லாக் கல்லூரிக்கும் அதிகாரபூர்வ மதிப்பெண் உடனே தேவை என்பதும் இல்லை. விண்ணப்பத்தில் மாணவரே எழுதிக் கொடுத்தால் போதும், சேர்ந்த பிறகு அதிகாரபூர்வமாக அனுப்பலாம் என்று சொல்கிற கல்லூரிகள் இப்போது நிறைய. ஆனால் அதே கல்லூரியின் சிறப்பு உதவித்தொகைக்கு வேறு விதி இருக்கலாம். ஆக, பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியிடமும் கேட்க வேண்டியது இது: உதவித்தொகைத் தேதிக்குள் தேர்வு எழுதியிருந்தால் போதுமா, அல்லது மதிப்பெண் உங்களிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டுமா? பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேஷனல் மெரிட் என்ற நாடு தழுவிய உதவித்தொகைப் போட்டி பற்றிக் கொஞ்சம். பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் பள்ளியிலேயே எழுதும் பி.எஸ்.ஏ.டி.தான் அதற்கு நுழைவாயில். பத்தாம் வகுப்பில் எழுதுவது பழகுவதற்கு மட்டும். அரையிறுதிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குறியீட்டில் வாசிப்பு, எழுத்துப் பகுதி இரு மடங்காகச் சேர்கிறது, கணிதம் ஒரு மடங்குதான். கணக்குக்கு டியூஷன் வைக்கும் நம் வீடுகளில் இதை யாரும் சொல்வதில்லை. நாடு முழுக்க சுமார் 16,000 பேர் அரையிறுதிக்குத் தேர்வாகிறார்கள், அறிவிப்பு பன்னிரண்டாம் வகுப்பின் செப்டம்பரில் வரும். வந்ததும் வாட்ஸ்ஆப் குழுவில் வாழ்த்துகள் குவியும். ஆனால் அதோடு வேலை முடிவதில்லை. இறுதிக்குப் போக, அந்த மதிப்பெண்ணை உறுதிப்படுத்தும் எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. மதிப்பெண்ணை நேஷனல் மெரிட் அமைப்புக்கே அனுப்ப வேண்டும். எஸ்.ஏ.டி.க்கு அதன் குறியீட்டு எண் 0085. கல்லூரிகளுக்கு அனுப்பினால் இது தானாகப் போய்விடாது. டல்லாஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், அலபாமா பல்கலைக்கழகம் போன்றவை இறுதிக்கு வந்தவர்களுக்குத் தரும் உதவி, அந்த அமைப்பே தரும் 2,500 டாலரைவிடப் பல மடங்கு பெரியது. அதற்கு அந்தக் கல்லூரியை முதல் விருப்பமாகவும் பதிந்திருக்க வேண்டும், அதற்கும் தனித் தேதி.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்வர்டு, எம்.ஐ.டி., யேல் போன்ற இடங்களில் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை எதுவும் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. நம் கூட்டங்களில் பேச அழைப்பது பெரும்பாலும் அங்கே இடம் கிடைத்த பிள்ளைகளை. அவர்களை வாழ்த்துவோம். ஆனால் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டும் கட்டணமில்லாமல் படிக்கிற பெண்ணையும், அவளுடைய அம்மாவையும் மேடைக்கு அழையுங்கள். எந்தத் தேதியில் எதை அனுப்பினார்கள் என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். அறையில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது அந்தத் தகவல்தான்.

ஜனவரிக் கூட்டத்துக்கு இவை தேவை: அந்த ஆண்டின் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேதிகள், உங்கள் மாநிலப் பல்கலைக்கழகங்களின் உதவித்தொகைத் தேதிகள், பெயரைச் சரிபார்க்கும் பட்டியல், எச்-4 குடும்பங்களுக்கு ஒரு தனிப் பக்கம். நான்கு பக்கத்துக்குள் தமிழில் அடங்கிவிடும். தேதிகளை ஆண்டுதோறும் ஆகஸ்டில் யாராவது ஒருவர் சரிபார்த்துப் புதுப்பிக்க வேண்டும், சென்ற ஆண்டுத் தாளை அப்படியே நகலெடுத்துக் கொடுப்பது ஆபத்து. தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்பு ஆசிரியர்கள், தங்கள் மாணவர்களில் யார் பத்திலும் பதினொன்றிலும் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்தால், கூட்டத்துக்கு வராத வீடுகளுக்கு ஒருவர் தொலைபேசியில் பேசலாம்.

எங்கள் பள்ளிக்காக நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிய தாள் இருக்கிறது. ஜார்ஜியாவுக்கானது, உங்கள் மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். வேண்டும் என்கிற சங்கத்துக்கு அனுப்பித் தருகிறோம். மாற்றி எழுத உதவிக்கு ஆள் வேண்டுமானாலும் கேளுங்கள், டிசம்பர் விடுமுறையில் இரண்டு மூன்று பேர் அதற்கென்றே நேரம் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
அட்லாண்டா பகுதித் தமிழ்ப் பள்ளித் தன்னார்வலர் ஒருவர்